கால் படாத சத்தியம்

இப்போதெல்லாம் மனிதர்கள் தும்முவதற்கு முன்னால் ஒரு சத்தியம், தும்மிய பின்னால் ஒரு சத்தியம். வாயைத் திறக்கும்போதே "கர்த்தருடைய ஜீவனைக்கொண்டு சொல்றேன்" என்று ஆரம்பிக்கிறார்கள். மூடுவதற்குள் எதிராளியின் தொழுவத்தில் ஓர் ஆட்டுக்குட்டி குறைந்திருக்கிறது. முன்னெல்லாம் பொய் சொன்னால் காது மடலாவது சிவக்கும். இந்தக் காலத்து ஆட்களுக்குக் காது எங்கே சிவக்கிறது? ஒலிவ எண்ணெய் தடவிப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள்.

பெத்ரிம்மோன் ஊரில் ஆடுமாடு அறுக்கிற சக்கூர், கத்தியைத் தீட்டும்போதெல்லாம் இதைத்தான் முணுமுணுப்பான். கிழவனுக்கு எழுத்து தெரியாது. ஜெபமும் அரைகுறைதான். யாரையும் நம்பாதே என்ற ஒரு பாடம் மட்டும் அவன் மண்டையில் ஒழுங்காக ஏறியிருந்தது. அதைக் கற்றுக்கொடுத்தவர் ஊர் மூப்பர் பெலத்தியா.

சக்கூரின் மகள் திர்சாள், புருஷன் செத்த வருஷம், அவன் கடனாக வாங்கித் தின்றுவிட்டுப் போன வாற்கோதுமைக்கு ஈடாகப் பெலத்தியா வீட்டுக்கு அடிமையாகப் போனாள். எபிரெயரை அடிமையாக வைத்தால் ஏழாம் வருஷம் விட்டுவிட வேண்டும். அது கர்த்தர் மலையில் கொடுத்த சட்டம். பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பெலத்தியாவுக்கும் தெரியும். ஆனால் அவர் வீட்டில் மட்டும் ஏழாம் வருஷம் வரவே வராது. காய்ச்சலில் படுத்த நாளைக் கழிப்பார். ஓய்வுநாளையும் கழிப்பார். "அன்னைக்கி அவ ஒண்ணும் செய்யலயே?" என்பார். அன்றைக்கு வேலை செய்யக்கூடாது என்று சொன்னவர் கர்த்தர். அந்தப் பாக்கியையும் திர்சாள் தலையில் ஏற்றி வைப்பார். அவள் வயதுப் பெண்களெல்லாம் பிள்ளை குட்டி பெற்றுப் பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். இவள் இன்னும் பெலத்தியாவின் திருகையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் முன்மாரி பெய்யவில்லை. ஒலிவக் காய் உதிர்த்து முடித்து, கலப்பைக்குக் கொழு மாட்டிவைத்துவிட்டு ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மழைநீர்த் தொட்டியிலிருந்த தவளைகூட, இனி இங்கே பிழைப்பில்லை என்று வெளியே வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்போதுதான் செரேபியா என்ற லேவியர் ஊர்வாசலில் வந்து நின்றார். கர்த்தரின் ஊழியம் பார்க்கிற லேவியருக்கு நிலபுலன் கிடையாது. விளைச்சலில் பத்தில் ஒன்றாக ஊர் கொடுக்கிற தசமபாகத்தில்தான் சாப்பாடு. இந்த ஊர் கொடுத்த லட்சணம் அவர் விலா எலும்பில் தெரிந்தது.

"மழை தருவேன்னு நம்ம பிதாக்களுக்கு வாக்குக் குடுத்தவரு அத மறக்கலய்யா," என்றார். "நீங்கதான் மறந்துட்டீங்க. வருஷம் தாண்டின ஆளுங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டு, வானத்தை மட்டும் திறந்துவிடுன்னா எப்படி?"

தொண்டை காய்ந்தவனுக்கு நியாயம் சீக்கிரம் புரியும். மூப்பர்கள் அன்றைக்கே ஒத்துக்கொண்டார்கள். கன்றை இரண்டாக வெட்டி எதிரெதிராக வைத்து நடுவே நடந்து உடன்படிக்கை செய்வது, அடிமைகளை விடுவது என்று.

வெட்ட வேண்டியவன் சக்கூர். பெலத்தியா தாராளமாகத் தன் தொழுவத்திலிருந்தே ஒரு கன்றை அனுப்பினார். சக்கூர் அதன் ஒரு பக்கக் கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தான். அது இமைக்கவில்லை.

"ஐயா, இதுக்கு ஒரு கண்ணுல பூ விழுந்திருக்கு."

"மறு கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றார் பெலத்தியா. "ரெண்டாத்தானே வெட்டப்போறே? நல்ல பாதிய சனங்க பாக்கிற பக்கம் போடு."

லேவியர் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் சாவு விழுந்த முகத்தோடு பெலத்தியா பழுதில்லாத ஒன்றை அனுப்பினார். சக்கூர் அதைத் தாடையிலிருந்து வால் வரைக்கும் முதுகெலும்போடு பிளந்தான். ரத்தம் நடுவில் ஓடிச் சேரும்படி பாதிகளைச் சரிவில் வைத்தான். அப்படிப்பட்ட இளங்கன்றில் ஒரு துண்டும் யாரும் தின்னக்கூடாது என்பது அவனுக்கு வயிற்றெரிச்சல். கல்லை எறிந்து பருந்து விரட்டிக்கொண்டே நின்றான்.

செரேபியா உரக்கச் சொன்னார்: "இதன் நடுவே நடக்கிறவன், தான் இருக்கிற வீட்டு அடிமைகளுக்குக் கதவைத் திறந்துவிடுவான். திறக்காதவன் இந்தக் கன்றைப் போல ஆவான்."

மூப்பர்கள் நடந்தார்கள். நடந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அங்கியை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு, சேற்று வாய்க்காலைத் தாண்டுகிற கோழி மாதிரி போனார்கள். ஒசாயா என்ற மூப்பர் நுனிக்காலில் போனார். இன்னொருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு போனார்.

பெலத்தியாவுக்கு அன்றைக்கென்று பார்த்து முழங்கால் வீங்கிவிட்டது. முந்தின நாள் அத்திமரத்தில் ஏறிக் காய் திருடிய பயல்களைக் கொம்பு கொம்பாகத் துரத்திய முழங்கால்தான். கழி கட்டிய நாற்காலியில் உட்கார்ந்து வந்தார். கேரா, நாகாம் என்ற இரண்டு அடிமைகள் அவரைத் தூக்கிக்கொண்டு நடுவே போனார்கள். கேரா அவர் வீட்டு வாசல்காரன்; இரவில் தாழ்ப்பாளுக்குக் கீழேயே படுத்துக்கொள்கிறவன். முன்னால் பிடித்திருந்த அவனுக்குக் காலடி ரத்தத்தில் வழுக்கியது. இரண்டு பக்கமும், பாதிக்கு ஒன்றாகக் கன்றின் கண்கள் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. அந்தப் பக்கம் போய் நாற்காலியை இறக்கியதும் அவன் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே கடல் பக்கமிருந்து மேகம் ஏறியது. இருட்டுவதற்குள் மழை.

ஊரில் கதவுகள் திறந்தன; திர்சாள் தகப்பன் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் அவள் செய்த முதல் காரியம் தூங்கியது. மறுநாள் வெயில் உச்சிக்கு வரும்வரை தூங்கினாள். சக்கூர் பக்கத்து வீட்டுக் கழுதை கத்தப் போகிறதே என்று அதன் வாயில் வைக்கோலைத் திணித்துத் திணித்து நின்றான்.

"அப்பா, என்னை ஏன் எழுப்பல?" என்று கேட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எழுப்பி? இங்க என்ன திருகையா காத்துக்கிட்டு கிடக்கு? படுட்டி."

மழை விட்டு விட்டு நன்றாகப் பெய்தது. மண் இளகியது. மண் இளகியதும் மூப்பர்களின் மனம் இறுகியது. உழ வேண்டும், விதைக்க வேண்டும், ஆள் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நடந்தவர், தான் எதன் நடுவே போனோம் என்று தனக்குத் தெரியாது என்று சொல்ல ஆரம்பித்தார். ஒசாயா, நுனிக்கால் கால் ஆகுமா என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் யாரும் முதலில் கை நீட்டவில்லை. பெலத்தியா என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெலத்தியா யாரையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒருநாள் சக்கூர் பக்கத்து ஊருக்கு ஆடு அறுக்கப் போய்த் திரும்பி வந்தபோது, பாதி பிசைந்த மாவு தொட்டியில் அப்படியே கிடந்தது. மகளைக் காணோம். கேராவையும் நாகாமையும் மற்ற அடிமைகளையும்கூடப் பெலத்தியா திரும்ப இழுத்துக்கொண்டு போய்விட்டதாக ஊர் சொன்னது.

சக்கூர் கையில் ஒட்டியிருந்த ரத்தத்தைக்கூடக் கழுவாமல் ஊர்வாசலுக்குப் போனான். மூப்பர்கள் கல்லாசனங்களில் உட்கார்ந்திருந்தார்கள். பெலத்தியா நடந்தே வந்து சேர்ந்தார். முழங்கால் நன்றாகிவிட்டது.

"ஐயா, சத்தியம் பண்ணீங்க. ஊரே பாத்துச்சு," என்றான் சக்கூர்.

"யாரு பண்ணா?"

"நீங்க."

"நல்லா யோசிச்சுப் பேசு. லேவியர் என்ன சொன்னாரு? நடுவே நடக்கிறவன்னு சொன்னாரு. நான் நடந்தேனா?"

சக்கூர் வாயைத் திறந்தான். பெலத்தியா முந்திக்கொண்டார்.

"என் பாதம் அந்த மண்ணுல பட்டுச்சா? ஒரு சொட்டு ரத்தம் என் செருப்புல உண்டா? உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருக்கிறவன் எப்படிய்யா நடக்கிறவனாவான்? நடந்தது அவனுங்க ரெண்டு பேரும். சத்தியம் அவனுங்களோடது."

மூப்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்களுக்கு இது தோன்றாமல் போயிற்றே, வீட்டில் நாற்காலி இருந்ததே என்ற ஏக்கம் அந்தப் பார்வையில் இருந்தது. ஒசாயா தொண்டையைச் செருமினார். "நியாயமாத்தான் தெரியுது. நடந்தவன்தான் கட்டுப்பட்டவன். அப்படியே தீர்ப்பு."

பெலத்தியாவுக்குப் பின்னால் குடை பிடிப்பதுபோல ஒரு தோலை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற கேரா, இதைக் கேட்டதும் தோலைக் கீழே விட்டான். அதில் தேங்கியிருந்த மழைத் தண்ணீர் எஜமான் கழுத்தில் கொட்டியது.

"எஜமானே... அப்போ சத்தியம் பண்ணது நாங்களா?"

"ஆமாலே. இப்பத்தானே மூப்பரு சொன்னாரு? காதுல என்ன, அடைப்பா?"

"அப்போ மீறினா அந்தக் கன்னுக்குட்டி மாதிரி..."

"நீதான் ஆவே. நான் இல்ல. தோலைத் தூக்கிப் பிடி."

ஊர்வாசலில் ஒரே சிரிப்பு. சக்கூர் மட்டும் சிரிக்கவில்லை. கேராவும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு சக்கூருக்கு ஒரே வேலைதான்: வானத்தைப் பார்ப்பது. சொல்லை மீறிவிட்டார்கள். இனிமேல் மழை நிற்க வேண்டும். நின்றால் மூப்பர்களுக்குப் பயம் வரும். பயம் வந்தால் திர்சாள் வருவாள். அவன் கணக்கு அவ்வளவு நேரானது. வானத்துக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. மழை பெய்தது. வேண்டிய அளவு பெய்து, வேண்டிய நேரத்தில் வெயில் விட்டு, மறுபடியும் பெய்தது. பெலத்தியாவின் வயலில் பயிர் முளைவிட்ட அழகைப் பார்த்தவன் யாரும், பாவி ஒருவனின் நிலம் என்று சொல்லமாட்டான்.

செரேபியா சாப்பாட்டு வேளை பார்த்துச் சக்கூர் வீட்டுக்கு வந்தார். வேறெந்த வீட்டிலும் அவருக்குக் கதவு திறக்கவில்லை. கிழவன் பயற்றங்கூழை அவர் முன்னால் நங்கென்று வைத்தான். கொஞ்சம் தெறித்தது.

"மழையை நிறுத்தச் சொல்லும்வே."

"யாரை?"

"உம்ம ஆளைத்தான். மேல இருக்கிறவரை. கதவைத் திறந்துவிட்டா மழைன்னீரு. திறந்தாங்க, பெஞ்சுது. இப்போ மூடிட்டாங்க. ஏன் இன்னும் பெய்யுது? அவருக்குக் கண்ணு தெரியலயா? அவருக்கும் ஒரு கண்ணுல பூ விழுந்திருக்கா?"

லேவியர் அப்பத்தைக் கூழில் தோய்த்தார். பசியோடு இருக்கிறவருக்குக் கோபம் தாமதமாகத்தான் வரும். "ஓய், நம்ம தகப்பன் ஆபிரகாமுக்கு வாக்குக் குடுத்த அன்னைக்கி, வெட்டி வச்ச மிருகங்க நடுவே நடந்தது யாரு?"

"அந்தக் கதை எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லும்."

"கர்த்தர் நடந்தாரு. நெருப்பா."

"ஆபிரகாம்?"

"தூங்கிட்டாரு."

"தூங்க வச்சாரு வே. ரெண்டு பேரும் சேர்ந்து நடக்க வேண்டிய பாதை. இவர அசந்து தூங்க வச்சிட்டு அவரு தனியா நடந்தாரு. ஏன்? நம்ம ஆளுங்க நடந்தா எந்த லட்சணத்துல நடப்பாங்கன்னு அவருக்குத் தெரியாதா? யாரையும் நம்புறதில்லன்னு நீரு பெருமை அடிச்சுக்கிறீரே, அவரும்தான் நம்மள நம்பல. ஆனாலும் நடந்தாரு. மழை பெலத்தியாவோட யோக்கியதைக்குப் பெய்யல."

சக்கூர் அகப்பையைப் பானையில் போட்டான்.

"அந்தத் தைரியத்துலதானே அந்த ஆளு நாற்காலியில ஏறி உக்காந்தாரு! மேல இருக்கிறவரு சொல்லு தவற மாட்டாரு, நாம எத்தனை தடவை தவறினாலும் ஒண்ணும் ஆகாது. உம்மவரு குடுக்கிற இடந்தான்வே இதெல்லாம். ஒரே ஒரு தடவை அவரும் சொல்லு தவறிக் காட்டட்டும். அப்புறம் இந்த ஊர்ல எவனாவது பொய் சொல்லுவானா?"

"தவறினா எந்தச் சொல்லு தவறும்? மழை மட்டுமா?" லேவியர் இப்போது தலையை நிமிர்த்தினார். "ஏழாம் வருஷம் உம்ம மகளை விடணும்னு சொன்னதும் அவரு சொல்லுதான். அதுவும் சேர்ந்து போயிரும். எதைப் பிடிச்சுக்கிட்டுவே ஊர்வாசலுக்குப் போனீரு அன்னைக்கி?"

சக்கூர் இன்னும் ஓர் அகப்பை கூழை எடுத்து அவருக்கு ஊற்றினான், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு.

"தின்னும். தின்னுட்டுப் போம்."

இதற்கிடையில் கேரா இளைத்துக்கொண்டே வந்தான். தண்ணீருக்குப் போகிற வழியில்தான் கன்றை வெட்டிய சரிவு. பருந்தும் நரியும் தின்றது போக எலும்பு இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கிடந்தது. குடத்தோடு அதைத் தாண்டுகிற ஒவ்வொரு முறையும் தன் தாடையிலிருந்து முதுகு வரைக்கும் ஒரு கோடு போடுவதுபோல அவனுக்குக் குறுகுறுத்தது. சத்தியம் பண்ணினவன் நீதான் என்று எஜமான் சொல்லிவிட்டார். மூப்பர்கள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் இத்தனை பேர் சொன்னால் அது பொய்யாக இருக்குமா? கேராவுக்கு அந்த அளவுக்குப் புத்தி போகாது. நம்பிவிட்டான்.

ஒருநாள் விடியற்காலை, பெலத்தியா இன்னும் குறட்டையில் இருந்தபோது, கேரா பெருங்கதவின் தாழ்ப்பாளைத் தூக்கி இரண்டு பக்கக் கதவையும் அகலத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் முட்டுக்கொடுத்தான். பிறகு திருகைக் கொட்டகைக்குப் போனான்.

"எல்லாரும் போங்க. எந்திரிங்க, போங்க."

"எங்க போக?" என்றாள் திர்சாள், கையில் மாவோடு.

"எங்கயாவது போக்கா! உங்க அப்பன் வீட்டுக்குப் போ. உங்கள விடலன்னா என்னை ரெண்டா வெட்டிருவாங்க. நாகாமையும்தான். உனக்குப் புண்ணியமாப் போகும், சீக்கிரம் போ!"

அவர்கள் போனார்கள். எல்லோரும் போன பிறகு, தாங்களும் அந்த வீட்டு அடிமைகள்தானே, தங்களையும் விடவில்லை என்றால் சத்தியம் குறைப்பட்டுவிடுமே என்று நாகாமுக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தங்களையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

சூரியன் ஏறுமுன்னே பெலத்தியா ஊர்வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். தூக்க ஆளில்லாததால் மறுபடியும் நடந்தே வந்திருந்தார். "திருட்டுப் பயலுவ! என் ஆளுங்கள என் வாசல் வழியாவே ஓட்டிவிட்டுட்டானுங்க! பிடிச்சுக் கட்டுங்க!"

கேராவைப் பிடித்துக்கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை. அவனே வந்து நின்றான். "மூப்பருமாரே, நீங்கதான சொன்னீங்க, சத்தியம் என்னோடதுன்னு? தான் இருக்கிற வீட்டு அடிமைகளுக்குக் கதவைத் திறக்கணும்னு லேவியரு சொன்னாரு. நான் இருக்கிற வீடு அதானே? திறந்தேன். தப்பா?"

ஒசாயா தாடியை உருவினார். ஒரு பக்கம் உருவினார், மறுபக்கம் உருவினார்.

"தப்புன்னு சொல்லும்!" என்றார் பெலத்தியா. "இவன் அடிமை! அடிமைக்கு ஏதுய்யா சத்தியம் பண்ற அதிகாரம்?"

கூட்டத்தின் ஓரத்தில் பருத்த தோள்களோடு நின்ற சக்கூர் வாயைத் திறந்தான். "அப்போ சத்தியம் இவனோடது இல்லயா ஐயா? அப்போ யாரோடது? நாற்காலியோடதா?"

இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. சத்தியம் கேராவுடையது இல்லை என்றால் பெலத்தியாவுடையது; இரண்டில் எதுவானாலும் கதவு திறந்தே இருக்க வேண்டும். ஒசாயாவுக்கே அது புரிந்துவிட்டது. தன் நுனிக்காலைப் பற்றி இனி யாரும் பேசாமல் இருந்தால் போதும் என்று, "முந்தின தீர்ப்பு நிக்கும்," என்று அவசரமாகச் சொல்லிவிட்டு எழுந்தார். பெலத்தியா உட்கார நாற்காலி தேடினார். கொண்டுவர ஆளில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. செரேபியா ஈரத் தாடியோடு சக்கூரிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீராவே? ஏழாம் வருஷம் விடச் சொன்னாரு. இவங்க சட்டத்தை மறைச்சாங்க, சத்தியத்தை மாத்தினாங்க, தீர்ப்பைக் கோணலாக்கினாங்க. அந்தக் கோணல் வழியாவே உம்ம மகளை வெளிய கொண்டு வந்துட்டாரு. சொன்ன சொல்லைக் காப்பாத்தினாரா, இல்லையா?"

"மழை அவரு குடுத்தாரு. அதை ஒத்துக்கிறேன்," என்றான் சக்கூர். "கதவைத் திறந்தது கேராவோட பயம்."

"அந்தப் பயத்தைக் குடுத்தது யாரு?"

"கன்னுக்குட்டி குடுத்துச்சு. அதை அறுத்தது நான்."

"நடுவே நடக்கச் சொன்னது?"

"நீரு."

"எனக்குச் சொன்னவரு?"

சக்கூர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இத்தனை வருஷம் அவ அரைச்ச மாவை எந்த வாக்குல சேர்ப்பீரு? அதைச் சொல்லும் முதல்ல. சொல்லைக் காப்பாத்துறவரு கொஞ்சம் முன்னாடியே வந்து காப்பாத்தினா என்ன, யாரு வேண்டாம்னா?"

லேவியரின் சிரிப்பு அடங்கியது. பதில் இருப்பதாக அவர் பாசாங்கு செய்யவில்லை. "தெரியலவே," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகச் சக்கூர் கொஞ்சம் இளகினான். இளகியதைக் காட்டிக்கொள்ளாமல், "மத்தியானம் கூழு இருக்கும். வந்தா வாரும், வராட்டாப் போம்," என்றான்.

கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சரிவில் இறங்கினான். மழை பெலத்தியாவின் வயலிலும் பெய்தது, ஒசாயாவின் வயலிலும் பெய்தது, ஓர் அங்குலம் குறைக்காமல். கிழவன் நின்று அந்தப் பச்சையை முறைத்துப் பார்த்தான். இவ்வளவு நல்ல மழையை இந்த ஆட்களுக்குக் கொடுக்கிறவர் ஒன்று மிகப் பெரியவராக இருக்க வேண்டும், இல்லை யாரையும் சரியாக விசாரிக்காதவராக இருக்க வேண்டும். எது என்று அவனுக்கு இன்னும் தீரவில்லை. அடுத்த ஏழாம் வருஷம் வரட்டும், பார்ப்போம் என்று காறித் துப்பிவிட்டு, மகள் தூங்கிக்கொண்டிருப்பாளே, பக்கத்து வீட்டுக் கழுதை கத்தித் தொலைக்குமே என்று வேகமாக நடந்தான்.